மலைப் பிள்ளையின் கையில் எந்தப் புத்தகம்?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசிப்பறைக்குச் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல்தான் ஆள் வரும். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, முகம் கழுவி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி வந்த ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "எட்டாவது படிக்கிறான் அக்கா. எப்பப் பாத்தாலும் போனுதான். படிச்சா முன்னுக்கு வர்ற மாதிரி உருப்படியா ஒண்ணு குடுங்க."

நான் யோசிக்கவே இல்லை. மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக் கொடுத்தேன். முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். மூன்று வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. "படிச்சியாப்பா?" என்றேன். "படிச்சேன் அக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பொய் சொல்ல வைத்தது நான்தான் என்று அன்று இரவு வெகு நேரம் உறுத்தியது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். இன்றைக்கும் பல நாடுகளில் நூலகவியல் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நான் கொடுத்த வரலாறு நல்ல நூல்தான். அதற்கான வாசகன் அன்று என் முன்னால் நின்ற பையன் இல்லை. அவன் எதைப் பார்த்து வளர்கிறான், எந்த மொழியில் கனவு காண்கிறான், ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, இதில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. பெரியவர்கள் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். புத்தகத்தின் பெருமையைப் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்ப்பதில்லை.

மலையில் மொழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீலகிரியில் பள்ளிக்கு வருகிற எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் தமிழ் இல்லை. படுகர்களின் ஊரான ஹட்டியிலிருந்து வருகிற பிள்ளைக்குப் படுகு மொழி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடி மக்கள், ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் கன்னடமும் கலந்து வரும். இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து திரும்பி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழின் ராகமே வேறு. இத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் 'ஐந்தாம் வகுப்புக்கு ஏற்ற நூல்' என்று ஒன்றைக் காட்டுவது யாருக்கும் சரியாகப் பொருந்தாது.

வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கும் புத்தகத் தமிழ் பாதி வேற்றுமொழி மாதிரிதான். 'போச்சு' என்று சொல்கிறவள் 'போயிற்று' என்று படிக்க வேண்டும். 'கேட்டான்' போதும் என்கிற இடத்தில் 'வினவினான்', 'பார்த்தாள்' என்கிற இடத்தில் 'நோக்கினாள்'. ஆறு ஏழு வயதில் ஒவ்வொரு வரியிலும் இப்படி ஒரு மேடு ஏறினால் கதை எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கும்போது நான் முதலில் உரையாடலைத்தான் பார்ப்பேன். கதையில் வருகிற குருவியும் அணிலும் பேசுவது வாயில் சொல்லிப் பார்க்க வருகிறதா? வந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சொல்லின் நீளம். 'பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம்' என்று ஒரே சொல்லாக அச்சடித்திருப்பார்கள். அதில் பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிற கண்ணுக்கு அது ஒரு நீளமான சுவர். நல்ல சிறுவர் நூல்களில் இப்படிப்பட்ட சொற்களைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் வாக்கியத்தையே மாற்றியிருப்பார்கள். எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு இருக்கும். கடையில் நின்று இரண்டு நிமிடம் புரட்டினாலே இது தெரிந்துவிடும்.

பிள்ளையின் அளவுக்குப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க ஆசிரியர்கள் பல நாடுகளில் செய்கிற எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்து விரலும் மடங்கினால் கடினம். ஒன்றுமே மடங்காவிட்டால் ரொம்ப எளிது. இரண்டு மூன்று என்றால் சரி. தமிழுக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும் என்பது என் அனுபவம். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நின்றால், நான் அதைப் பிரித்துச் சொல்லிப் பார்ப்பேன். காதில் விழுந்ததும் முகம் தெளிந்தால் அந்த விரலை மடக்க மாட்டேன். பொருள் தெரியாததால் நிற்கிறதா, கண்ணுக்குப் பழகாததால் நிற்கிறதா என்பது தெரிய வேண்டும். கண்ணுக்குத்தான் பழக்கம் இல்லை என்றால் அந்தப் புத்தகத்தை நாமே கூட உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம். பொருளே தெரியவில்லை என்றால் இப்போதைக்கு அதை அலமாரியில் வைத்துவிடுவது நல்லது.

இப்போது நூல்களிலேயே படிநிலை போட்டு வருகிறது. 2023-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படி. பெயரே அழகு. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிறையத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கேயும் நான்கு நிலை, கதையில் எத்தனை சொல் என்பதும் அதில் ஒரு கணக்கு. இந்தப் படிகளை வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏழாவது படிக்கிற பிள்ளை 'நட' படியில் இருந்தால் அங்கிருந்தே நடக்கட்டும். அட்டையில் உள்ள படியைப் பார்த்து "இதெல்லாம் சின்னப் பசங்க படிக்கிறது" என்று ஒரே ஒரு பெரியவர் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை அப்புறம் புத்தகத்தைத் தொடாது.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியம் கற்பித்த ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் ஒன்று சொன்னார். பிள்ளைக்குப் புத்தகம் சில நேரம் ஜன்னல், சில நேரம் கண்ணாடி. ஜன்னலில் பிறர் வாழ்க்கை தெரியும், கண்ணாடியில் தன் வாழ்க்கை தெரியும். அவர் கறுப்பினக் குழந்தைகளை மனதில் வைத்துச் சொன்னார். எனக்கு அதைப் படித்ததும் எங்கள் அறையில் இருக்கிற புத்தகங்கள்தான் ஞாபகம் வந்தன. தமிழில் சிறுவர் புத்தகங்களின் படங்களைப் பாருங்கள். வயல், வரப்பு, தென்னை, திண்ணை, குளம், கிணறு. எல்லாம் அழகுதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது முழுக்க ஜன்னல். தேயிலைச் சரிவு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசையான லைன் வீடு, ஜனவரி விடியலில் புல்மேல் உப்பு கொட்டியது போல் உறைந்து கிடக்கும் பனி, சோலைக்காடு, ஐந்து மணிக்கே மூடுகிற மேகம், காட்டெருமை நிற்கிறது என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருவது, இதெல்லாம் புத்தகத்தில் வரக்கூடிய விஷயம்தான் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் நான்காவது படிக்கிற பெண் ஒருத்தி விலங்குகள் பற்றிய படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். 'காட்டெருமை' என்று போட்டு, நீளமான வளைந்த கொம்போடு ஒரு சாதாரண எருமையை வரைந்திருந்தார்கள். விரலை அதன் காலில் வைத்தாள். "அக்கா, இது தப்பு. அதுக்குக் கால் கீழே வெள்ளையா இருக்கும், சாக்ஸ் போட்ட மாதிரி. முதுகுல மேடு இருக்கும். இது எங்க தோட்டத்துக்கு வர்றது இல்ல." அவள் சொன்னது சரி. நாம் மலையில் காட்டெருமை என்று சொல்வது எருமை இனமே இல்லை, காட்டு மாடு. நூலுக்குப் படம் போட்டவர் பேரைக் கேட்டு வரைந்திருக்கிறார், அவள் பத்தடி தூரத்தில் பார்த்திருக்கிறாள். அன்று நாங்கள் ஒரு வெள்ளைத் தாளில் சரியான படத்தை வரைந்து அந்தப் பக்கத்தில் ஒட்டினோம். அவள் பெயரையும் கீழே எழுதச் சொன்னேன். அதற்கப்புறம் அறையில் உள்ள எல்லா விலங்குப் புத்தகத்தையும் அவள் சோதனை போட்டுப் படித்துவிட்டாள். ஒரு புத்தகம் தப்பாக இருந்ததுகூட ஒரு பிள்ளையை வாசகியாக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கு அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டியிருந்தது.

அறிவு தரும் நூல்களை எடுக்கும்போது இதையே அளவுகோலாக வைக்கலாம். பிள்ளை தினம் பார்க்கிற ஒன்றிலிருந்து கேள்வி கிளம்புகிறதா? உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பஸ்ஸில் போகிற பிள்ளைகள் ஏதோ கம்பி வேலி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அதை ஏன் சமதளத்தில் கட்டாமல் மலைச்சரிவில் கட்டினார்கள்? கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த ஒரு சரிவைத் தேடி இந்த இடத்தைப் பிடித்தார்கள். உதகையின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 டிகிரிதான். அதனால் வடக்கு தெற்காகச் சரிவில் படுத்திருக்கிற அந்தத் தொலைநோக்கி, பூமி சுழல்கிற அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி சுழலச் சுழல, தொலைநோக்கியை ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் போதும், வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். 1970-ல் இது வேலை செய்யத் தொடங்கியது. இதை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம், சாய்த்து வைத்த பென்சிலையும் ஒரு பந்தையும் காட்டிச் சொல்லிப் பாருங்கள். அட்சரேகை என்ற சொல் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி அவர்கள் ஊர்ச் சரிவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் வானியல் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

மலை ரயிலும் அப்படித்தான். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் உதகை வரை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை, இன்ஜினில் பல்சக்கரம். 12 அடி போனால் ஓரடி ஏறுகிற இடத்தில் வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் அந்தப் பல். குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தைக் காட்டி வெறிநாய்க்கடி, தடுப்பூசி என்று போகலாம். கொடைக்கானல் பிள்ளைகளுக்குச் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். இந்த இரண்டு மலையிலும் அறிவியலுக்குத் தலைவாசல் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

அறிவியல் நூல் வாங்கும்போது அச்சான ஆண்டைப் பார்க்க மறக்காதீர்கள். புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்தது 2006-ல். இன்னும் ஒன்பது கோள் என்று சொல்கிற புத்தகங்கள் நடைபாதைக் கடையிலும் பள்ளிப் பரிசு மூட்டையிலும் கிடக்கின்றன. அதைவிட முக்கியம், அந்த நூல் முடிவை மட்டும் சொல்கிறதா, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்கிறதா என்பது. 'ஆயிரம் பொது அறிவுத் தகவல்கள்' வகை நூல்களை நான் வெறுக்கவில்லை, வினாடி வினாவுக்கு உதவும். ஆனால் அதைப் படித்து ஒரு பிள்ளை என்னிடம் கேள்வி கேட்டு வந்ததே இல்லை.

ஊக்கம் தரும் நூல் என்றால் உடனே கை போவது வாழ்க்கை வரலாற்றுக்கு. அந்த வரிசையில் பல புத்தகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. ஏழ்மை, தெருவிளக்கு, கடும் உழைப்பு, பதவி, பொன்மொழி. பிறந்ததிலிருந்தே பெரியவராக இருந்த ஒருவரைப் பார்த்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தன்னால் முடியாது என்பதைத்தான். நான் தேடுவது, அந்தப் பெரியவர் சின்ன வயதில் தவறு செய்கிற, திகைக்கிற, எதையோ பார்த்து அசந்து நிற்கிற ஒரு பக்கம். பறவையியலாளர் சாலிம் அலியின் கதையில் அது இருக்கிறது. சிறுவனாகப் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டுவிடுகிறார். கழுத்தில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போகிறார். அங்கே பாடம் செய்து வைத்த பறவைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அங்கிருந்துதான் எல்லாம். கவண்கல் வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினால் அறை அமைதியாகிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு முத்துலட்சுமி ரெட்டியைக் கொடுப்பேன். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்த முதல் பெண், 1912-ல் மருத்துவப் பட்டம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவருக்குள் பல ஆண்டு இருந்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. துயரத்துக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிற அந்த நீண்ட வருடங்களைச் சொல்கிற நூலா, நேரே திறப்பு விழாவுக்குத் தாவுகிற நூலா என்று பார்த்து வாங்குங்கள். மலைக்குக் கீழே கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். செடிக்கு நடுவிலேயே வளர்கிறவர்களுக்கு அவர் தூரத்து மனுஷி இல்லை.

பதின்ம வயதில் தேர்வை நம் கையில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு மேல் நான் ஒன்றுக்கு மூன்றாக மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். எடுப்பதும் விடுவதும் அவர்கள் பாடு. பாதியில் நிறுத்தினாலும் ஏன் என்று கேட்பதில்லை. படக்கதை எடுத்தால் முகம் சுளிப்பதில்லை. 1972-ல் வந்த முத்து காமிக்ஸும் 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் எத்தனை பேரை வேகமாகத் தமிழ் படிக்க வைத்தன என்பது அந்தத் தலைமுறை அப்பாக்களுக்குத் தெரியும். பிள்ளை எடுத்தால் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

பெற்றோர் பயப்படுகிற விஷயங்களும் இந்த வயதில்தான் வரும். உடம்பில் வருகிற மாற்றம், காதல், சாதி, மரணம், குடிக்கிற அப்பா. இவை இல்லாத புத்தகம் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் வீட்டிலேயே இருக்கின்றன. தகாத தொடுதலைப் பற்றிப் பேசுகிற 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்ற சிறுவர் நாவலுக்கு 2020-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்ய விருது கிடைத்தது. யெஸ். பாலபாரதி எழுதியது. இந்த மாதிரி நூலைக் கொடுக்கும் முன் பெரியவர் ஒருமுறை முழுக்கப் படித்துவிட வேண்டும். தணிக்கை செய்வதற்காக இல்லை. பிள்ளை வந்து ஏதாவது சொன்னால், எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் கையால் தொட்டுப் பார்க்கிற விஷயமும் சொல்லிவிடுகிறேன், சமவெளியில் இருப்பவர்கள் இதை யோசிக்க மாட்டார்கள். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் எங்கள் வீடுகளில் சுவரே வியர்க்கும். வழவழப்பான தாளில் அச்சடித்த வண்ணப் புத்தகம் ஈரம் பட்டால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். பசை போட்ட முதுகு விட்டுப்போகும். வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற புத்தகம் நடுவில் தையலோ பின்னோ போட்டதாக, சாதாரணத் தாளில் இருந்தால் தாங்கும். பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை வெயில் வந்த அன்று விரித்து வைத்து, காய்ந்த துணியால் துடைத்தால் ஓரளவு தப்பும். அடுப்புக்கு மேல் காய வைக்காதீர்கள், தாள் மடமடத்து உடையும்.

வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, விடுதலைக்குப் பின் இந்தியாவில் அதுதான் முதல். அதன் வழியில்தான் இன்றைக்கு மாவட்ட மைய நூலகம் முதல் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் வரை நம் பக்கத்திலும் இருக்கின்றன. பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை போட்டு, அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையை நீட்டிப் புத்தகம் வாங்குகிற பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் அடுத்த மாதமும் வந்தான். இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை. கீழ்த் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வெகு நேரம் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, முப்பத்திரண்டு பக்கப் படப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்தான். ரயில்கள் பற்றியது. சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அட்டையை உள்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தான். பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன். "இதுல பல்சக்கரம் போட்டிருக்கு அக்கா, ஆனா நம்ம ரயில் இல்ல" என்றான். எந்த ஊர் ரயில் என்று கேட்டேன். பக்கத்தைத் திறந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி 'சுவிட்சர்லாந்து' என்று படித்தான். அங்கேயும் மலைதானா என்று கேட்டான். தெரிந்த வரைக்கும் சொன்னேன். மழை விடுகிற வரை இருவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் புத்தகத்தை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போனான்.